நகை போட்ட துப்பாக்கி: குமரி எல்லையில் ஐந்து நாள்

முதல் நாள், செவ்வாய். உதயகிரி

வடசேரியில் தக்கலை பஸ் ஏறி புலியூர்க்குறிச்சியில் இறங்கும்போது மணி எட்டரை. நேற்றே தொடங்கியிருக்கலாம், ஆனால் பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை, அதனால் செவ்வாயிலிருந்து சனி வரை ஐந்து நாள் என்று கணக்கு வைத்துக்கொண்டேன். அன்றன்றைக்குப் பார்த்ததை அன்று ராத்திரியே எழுதிப் போட்டுவிடுவேன்.

எதற்கு இந்தப் பயணம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். என் பாட்டா, அம்மாவைப் பெற்றவர், சின்ன வயதில் குலசேகரம் பக்கம் ஒரு பெரிய வீட்டில் துப்பாக்கி சுமக்கிற பையனாக இருந்தார். சுடுவது யஜமான். துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடப்பது, தோட்டாப் பையைச் சுமப்பது, திரும்பி வந்ததும் துடைத்து எண்ணெய் போட்டு வைப்பது பாட்டா. அந்தத் துப்பாக்கிக் கட்டையில் வெள்ளியில் கொடி ஓடும், குழலில் ஆற்று மணல் மாதிரி அலை அலையாக ரேகை இருக்கும் என்று அவர் சொல்லிக் கேட்டபோது எனக்குப் பத்து வயது இருக்கும். அப்போதிருந்து இந்த மாதிரி நகை போட்ட துப்பாக்கிகள் மேல் எனக்கு ஒரு பிடிப்பு. கண்ணில் பட்டதையெல்லாம் படித்திருக்கிறேன், எழும்பூர் மியூசியத்தில் ஆயுதக் கூடத்தில் மணிக்கணக்காக நின்றிருக்கிறேன். பாட்டா நடந்த பக்கம் மட்டும் இதற்காக வந்ததே இல்லை.

உதயகிரிக் கோட்டை இப்போது வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா. காலையிலேயே பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு வேன் நிறைய வந்து இறங்கியிருந்தார்கள். அவர்களைத் தாண்டி உள்ளே போனால் கூரை இல்லாத ஒரு பழைய தேவாலயம், அதன் சுவர்களுக்குள் டிலனாயின் கல்லறை. 1741-ல் குளச்சலில் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்டவர்மாவிடம் தோற்றுப் பிடிபட்ட டச்சுப் படைத்தலைவர். பிடித்தவனுக்கே படை பழக்கிக் கொடுத்து, திருவிதாங்கூரின் ‘வலிய கப்பித்தான்’, அதாவது பெரிய தளபதி ஆகி, 1777-ல் இங்கேயே இறந்தவர். கல்லில் லத்தீனும் இருக்கிறது, தமிழும் இருக்கிறது. தமிழ் எழுத்துகளை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தேன், கொஞ்சம் தேய்ந்திருக்கின்றன.

பீரங்கி வார்த்த உலைக்களம் இருந்ததும் இந்தக் கோட்டைக்குள்தான். பீரங்கி என்ற சொல்லையே பாருங்கள், பறங்கி என்பதும் அதுவும் ஒரே வேர். பாரசீகத்தில் ஐரோப்பியனைச் சொல்கிற ஃபரங்கி, இங்கே வந்து ஒரு பக்கம் ஆளுக்குப் பெயராகவும் இன்னொரு பக்கம் ஆயுதத்துக்குப் பெயராகவும் நின்றுவிட்டது. துப்பாக்கியும் அப்படித்தான், துருக்கிச் சொல், தெலுங்கு கன்னடம் வழியாக நடந்து நம்மிடம் வந்து சேர்ந்தது. வாளுக்கும் வேலுக்கும் வில்லுக்கும் வெளியூர்ப் பெயர் கிடையாது. அவை சாமி கையிலேயே இருக்கின்றன, முருகனுக்கு வேல், ராமனுக்கு வில், அம்மனுக்கு வாள். துப்பாக்கி பிடித்த சாமியை நான் எந்தக் கோயில் கருவறையிலும் பார்த்ததில்லை. வெளியிலிருந்து வந்த சாமான், ஊர்பேர் தெரியாத சாமான். அதை ஒரு ராஜா தன் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் அதற்குக் குலம் கொடுக்க வேண்டும். பழைய இந்தியத் திரித் துப்பாக்கிகளில் குழல் வாயைப் புலி வாயாகவும் மகர வாயாகவும் செய்திருப்பது அதனால்தான் என்று நினைக்கிறேன். கோயில் படிக்கட்டுக் கைப்பிடியில் இருக்கிற அதே மகரம்.

இதை எழுதும்போது கண்டி பீரங்கி ஞாபகம் வருகிறது. வெண்கலக் குழல், மேலே வெள்ளி, தங்கம், மாணிக்கக் கல், சிங்கமும் சூரியனும் பிறையும். 1745 வாக்கில் லெவ்கே திசாவ என்ற பிரபு கண்டி அரசருக்குக் கொடுத்தது. அப்போது கண்டியில் ஆண்டவர் ஸ்ரீ விஜய ராஜசிங்கன், மதுரைப் பக்கத்து நாயக்கர் குடும்பத்திலிருந்து போய் அங்கே அரியணை ஏறிய முதல் ஆள். குளச்சலில் தோற்ற அதே டச்சுக் கம்பெனி 1765-ல் கண்டி அரண்மனையைச் சூறையாடி அதை எடுத்துப் போனது. ஆம்ஸ்டர்டாம் மியூசியத்தில் அவ்வளவு காலம் இருந்துவிட்டு 2023 டிசம்பரில்தான் இலங்கைக்குத் திரும்பி வந்தது. செய்தி படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. அந்தப் பீரங்கியைப் போருக்கென்று யார் செய்திருப்பார்கள்? மாணிக்கம் பதித்த குழலில் மருந்து கெட்டிக்க எந்த வெடிக்காரனுக்குக் கை வரும்?

மத்தியானம் தக்கலையில் சாப்பாடு. சாளைப் புளிமுளம், மரச்சீனிக் கிழங்கு. போதும் இன்றைக்கு.

இரண்டாம் நாள், புதன். பத்மநாபபுரம்

அரண்மனை இருப்பது தமிழ்நாட்டில், பார்த்துக்கொள்வது கேரள அரசு. 1956 நவம்பர் 1-ல் குமரி இந்தப் பக்கம் வந்தபோதும் அரண்மனை மட்டும் அந்தப் பக்கத்தோடேயே நின்றுவிட்டது. டிக்கெட் கொடுப்பவர் என்னிடம் தமிழ், எனக்குப் பின்னால் நின்றவரிடம் மலையாளம், அவருக்கும் பின்னால் நின்றவரிடம் இரண்டும் கலந்து. இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்கு ஊருக்கு வந்த மாதிரி ஆகிவிடும்.

செருப்பைக் கழற்றிவிட்டுக் கருப்புத் தரையில் காலை வைத்ததும் ஒரு குளிர்ச்சி ஏறும் பாருங்கள், அதற்காகவே வரலாம். முகப்பு மண்டபத்தில் குதிரை விளக்கு, சுவரில் ஓணவில்லுகள், மேலே கூரையில் ஒன்றைப் போல் ஒன்று இல்லாத மரப்பூக்கள். ஆயுதங்கள் என்று தேடிப் போனால் கண்ணில் படுவது வாள்தான், நெளிந்த வாள், நேர் வாள், குத்துவாள். துப்பாக்கியால் எழுந்த ராஜ்ஜியம் இது. டிலனாய் பழக்கிய படை இல்லாமல், உதயகிரியில் வார்த்த குழல் இல்லாமல் மார்த்தாண்டவர்மா காயங்குளத்தையும் அம்பலப்புழையையும் சேர்த்திருக்க முடியாது. ஆனால் 1750-ல் நாட்டையே பத்மநாபசுவாமிக்கு எழுதிக் கொடுத்தபோது அவர் சாமி முன்னால் வைத்தது உடைவாளை.

அந்த உடைவாளுக்கு இன்றைக்கும் மரியாதை இருக்கிறது. நவராத்திரிக்கு முன்னால் இந்த அரண்மனையின் உப்பரிகை மாளிகையில் வைத்து வாள் கைமாறும். பிறகு தேவாரக்கெட்டு சரஸ்வதியும் வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாகக் கிளம்புவார்கள், களியக்காவிளையில் கேரளத்தார் எதிர்கொண்டு அழைத்துப் போவார்கள். நான் ஒரு வருடம் அந்த ஊர்வலத்தோடு கொஞ்ச தூரம் நடந்திருக்கிறேன். இரண்டு மாநிலப் போலீசும் வரிசையாக நின்று துப்பாக்கி ஏந்தி மரியாதை செய்தார்கள். நடுவில் வாள், ஓரத்தில் துப்பாக்கி. யார் முன்னால் போவது, யார் ஒதுங்கி நிற்பது என்பது அந்த ஒரு காட்சியிலேயே தெரிந்துவிட்டது.

மந்திரசாலையின் மரச்சட்டம் போட்ட ஜன்னலோரம் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். திருவிதாங்கூரில் யார் குடை பிடிக்கலாம், யார் செருப்புப் போடலாம், யார் வீட்டுக்கு ஓடு வேயலாம், எந்தப் பெண் தோளில் சீலை போடலாம் என்று எல்லாவற்றுக்கும் வரம்பு இருந்தது. தோள்சீலைக்காக இந்த மண்ணில் நாற்பது வருடத்துக்கு மேல் அடிதடியும் தீவைப்பும் நடந்து, 1859 ஜூலையில்தான் ராஜா உத்தரவு வந்தது. என் பாட்டாவின் பாட்டி அந்தக் காலத்துப் பெண். அவள் தோளில் துணி போடக் கூடாது என்று சொன்ன அதே ஊரில், இன்னொருவர் துப்பாக்கிக் கட்டைக்கு வெள்ளி போட்டு அழகு பார்த்தார். இந்த இரண்டையும் நான் தனித்தனியாக நினைத்ததில்லை. பல்லக்கு, வெண்குடை, பட்டும் வளையும், நகை போட்ட துப்பாக்கி, எல்லாம் ஒரே பட்டியலில் வருகிற சாமான்கள்தான்.

மூன்றாம் நாள், வியாழன். பழைய வீடு

இன்றைக்கு நிறைய எழுத வேண்டும், கை வலித்தாலும் பரவாயில்லை.

ஊர்ப் பெயரும் வீட்டுப் பெயரும் சொல்லப் போவதில்லை. குழித்துறை ஆற்றைத் தாண்டி ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஒரு தறவாட்டு வீடு, கூட்டாளி ஒருவனின் அம்மாயி தனியாக இருக்கிறார். எழுபத்தெட்டு வயது. வீட்டுக்குள் மலையாளம், வெளியாட்களிடம் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். போனதும் சாயாவும் பழம்பொரியும் வந்தன. சாப்பிட்டு முடிக்கிறவரை துப்பாக்கிப் பேச்சையே எடுக்க விடவில்லை.

அப்புறம் பத்தாயப்புரைக்குக் கூட்டிப் போனார். நெல் போடுகிற பத்தாயம் இப்போது காலி. அதற்குள் பழைய நேரியல் வேட்டியில் சுற்றி, மேலே சாக்குப் போட்டு, நீளமாக ஒரு கட்டு. “எடு மக்ளே, பேடிக்க வேண்டாம், அது வெடிக்காது” என்றார். கேப் வைக்கிற இரண்டு காதையும் அவர் கல்யாணமாகி வருவதற்கு முன்னாலேயே ஈயம் காய்ச்சி ஊற்றி அடைத்துவிட்டார்களாம். பழங்காலத்துச் சாமான், சுடவே முடியாதது என்றால் ஆயுதச் சட்டம் அதை விட்டுவிடுகிறது. வீட்டில் லைசன்ஸ் உள்ள வேறு ஒரு துப்பாக்கி இருந்தது, ஒவ்வொரு தேர்தலுக்கும் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைத்து, முடிந்ததும் வாங்கி வந்து, கடைசியில் அலுத்துப்போய் அதை ஒரேயடியாகக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்.

வேட்டியைப் பிரித்தேன்.

இரட்டைக் குழல், வாய் வழியாக மருந்து போடுகிற பழைய வகை. மூன்று மூன்றரைக் கிலோ இருக்கும். முதலில் குழலைத்தான் பார்த்தேன், ஏனென்றால் பாட்டா சொன்னது அதுதான். முற்றத்து வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்ததும் ரேகை தெரிந்தது. சின்னச் சின்னச் சுழி, ஒன்றின் பக்கத்தில் ஒன்று, வரிசை வரிசையாக, பெருவிரல் ரேகையை நூறு தடவை பதித்த மாதிரி. இது மேலே வரைந்ததில்லை. இரும்புக் கம்பியையும் உருக்குக் கம்பியையும் சேர்த்துக் காய்ச்சி, கயிறு மாதிரி முறுக்கி, அந்த முறுக்குப் பட்டையை ஒரு உருளைக் கம்பி மேல் சுற்றிச் சுற்றி, பழுக்கக் காய்ச்சி அடித்து ஒட்டி, குழலாக்கிய பிறகு அமிலத்தில் நனைப்பார்கள். இரும்பு ஒரு நிறமாகவும் உருக்கு ஒரு நிறமாகவும் அரிக்கப்பட, உள்ளே இருக்கிற முறுக்கு வெளியே வரும். டமாஸ்கஸ் குழல் என்று பெயர். டமாஸ்கஸ் வாள் என்று உலகம் கொண்டாடியதன் மூலச் சரக்கு தென்னிந்தியாவிலிருந்து போன உருக்குக் கட்டிகள். நம் உருக்கும் கன்னடத்து உக்கும்தான் ஐரோப்பியர் வாயில் வூட்ஸ் ஆனது. குழல் செய்கிற முறை வேறு, வாள் செய்கிற முறை வேறு, ஆனால் அந்த அலையைப் பார்த்து ஆசைப்படுகிற கண் ஒன்றுதான்.

கீழ்ப்பக்கம் திருப்பினேன். கிரீடமும் குறுக்காகப் போட்ட இரண்டு செங்கோலும், கடுகளவு. பர்மிங்காம் சோதனைச் சாலை முத்திரை. 1813-ல் சட்டம் போட்டு ஆரம்பித்த இடம் அது. ஒவ்வொரு குழலிலும் கூடுதல் மருந்து போட்டு வெடித்துப் பார்த்து, பிளக்காமல் தாங்கினால்தான் முத்திரை குத்துவார்கள். ஆக இது இங்கிலாந்துச் சரக்கு. ஆனால் கட்டையில் இருக்கிற வெள்ளி வேலை இங்கே செய்தது போலத்தான் தெரிகிறது. அக்ரூட் மரத்தில் நூல் மாதிரி வெள்ளிக் கம்பி இறக்கி ஒரு முல்லைக்கொடி, இலை, மொட்டு, நடுவில் கட்டைவிரல் நகம் அளவு வெள்ளித் தகட்டில் ஒரு சங்கு. திருவிதாங்கூருக்கு அடையாளம் சங்கு. “பொன்னு தம்புரான் கொடுத்தது” என்றார் அம்மாயி, திருவிதாங்கூர் ராஜாவைத்தான் சொல்கிறார். அதற்கு ஓலையோ கடிதமோ ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். “சங்கு இருக்கே, அது போதாதா?” என்றார்.

அது போதும். ஊரில் வந்து பார்க்கிறவனுக்கு அந்தச் சங்குதான் ஓலை.

வடக்கே செய்கிற தங்க வேலை வேறு மாதிரி. உருக்கின் மேல் கத்தியால் குறுக்கும் நெடுக்கும் நுணுக்கமாகக் கீறி, சொரசொரப்பாக்கி, அதில் தங்கக் கம்பியை வைத்துத் தட்டி, சூடு காட்டி, கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள், கோஃப்த்காரி என்பார்கள். எழும்பூரில் அந்த வேலையைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துப் பார்த்திருக்கிறேன். கையில் எடுத்துப் பார்த்தது இன்றைக்கு இந்த முல்லைக்கொடியைத்தான். விரலை ஓட்டினால் வெள்ளி எங்கே முடிந்து மரம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவே இல்லை. அதைச் செய்த ஆசாரி யாரோ, பெயரில்லை.

இனி நான் பார்த்ததிலேயே முக்கியமான விஷயம்.

சுடுகிறவன் கை பிடிக்கிற இடத்தில், கட்டை ஒடுங்குகிற கழுத்தில், வழுக்காமல் இருக்கச் சின்னச் சின்ன வைரக்கட்டமாகச் செதுக்கியிருப்பார்கள். நிறையச் சுட்ட துப்பாக்கியில் அது மழுங்கிப் போயிருக்கும். இதில் ஒவ்வொரு கட்டமும் நேற்றுச் செதுக்கின மாதிரி கூர்மையாக இருக்கிறது, உள்ளங்கையில் அழுத்தினால் குத்துகிறது. ஆனால் விசைக்கூட்டுக்கு முன்னால், அடிப்பக்கத்தில், துப்பாக்கியைத் தராசு மாதிரி நிறுத்தினால் எந்த இடத்தில் நிற்குமோ அந்த இடத்தில், ஒரு சாண் நீளத்துக்கு மரம் வழுவழுவென்று தேய்ந்து உள்வாங்கியிருக்கிறது. முல்லைக்கொடி அந்த இடத்தில் வரும்போது வெள்ளிக் கம்பி தட்டையாகி, இரண்டு மொட்டு அழிந்தே போய்விட்டது.

சுட்டவன் கை அங்கே வராது. சுமந்தவன் கை வருகிற இடம் அது.

நான் கையை அங்கே வைத்துத் தூக்கினேன். தானாக அமர்ந்தது. ஒரு நிமிஷம் அப்படியே நின்றேன், அம்மாயி என்ன ஆச்சு மக்ளே என்று கேட்டார், ஒன்றுமில்லை என்றேன்.

எத்தனை தடவை சுட்டிருப்பார்கள் என்று கேட்டதற்கு, “காரணவர் ரெண்டோ மூணோ தடவை சுட்டதாட்டு கேட்டிருக்கேன். அதுவும் மேலே பார்த்து” என்றார். காரணவர் என்றால் வீட்டுக்குத் தலைவர். பிறகு எதற்குத்தான் வைத்திருந்தார்கள்? “பாட்டம் அளக்க வர்ற நாள்ல பூமுகத்துல முக்காலி போட்டு, மேல பட்டு விரிச்சு வைப்பாங்க. காரணவர் வேட்டைக்குப் போறாரோ இல்லையோ, ஆளு பின்னால எடுத்துட்டுப் போகணும். கோயிலுக்கு இறங்கினாலும் ஆராட்டுக்குப் போனாலும் ஆளு வேணும். கண்ணுல பட்டாப் போதும் மக்ளே, அதை யாரு வெடிக்கப் போறா.”

பாட்டம் என்றால் குத்தகை நெல். குடியானவன் நெல்லு மூட்டையோடு முற்றத்தில் நிற்கிறான், அளக்கிறவன் மரக்காலால் அளக்கிறான், திண்ணையில் பட்டு மேல் இது கிடக்கிறது. அந்த முற்றத்தில் நின்றுகொண்டு அதை நினைத்துப் பார்த்தபோது எனக்கு வயிறு கலங்கியது. முல்லைக்கொடி அழகுதான். அவ்வளவு அழகாக இருப்பதனால்தான் யாரும் ஒரு வார்த்தை பேசாமல் அளந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வெறும் இரும்பாக இருந்திருந்தால் அது மிரட்டல், ஒரு நாள் யாராவது எதிர்த்துக் கேட்டிருப்பான். வெள்ளியும் சங்கும் பட்டும் சேர்ந்ததும் அது வழக்கமாகிவிட்டது, ஆசாரமாகிவிட்டது.

அம்மாயி நல்லவர், இதையெல்லாம் அவரிடமும் சொன்னேன். கோபப்படவில்லை. அழிந்த மொட்டை விரலால் தொட்டுப் பார்த்து, “இத்தனை வருஷம் துடைக்கேன், எலி கடிச்சதுன்னு நினைச்சேன்” என்றார். தூக்கின ஆட்களின் பெயர் ஏதாவது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். ஒருத்தனுக்கு இடது காதில் கடுக்கன் உண்டு என்பது மட்டும் அவருடைய மாமியார் சொல்லித் தெரியுமாம்.

நான்காம் நாள், வெள்ளி. திருவனந்தபுரம்

களியக்காவிளை தாண்டினதும் போர்டு எழுத்து மாறுகிறது, பஸ் நிறம் மாறுகிறது, மற்றபடி அதே மரச்சீனி, அதே வாழை. கிழக்கேகோட்டையில் இறங்கி குதிரைமாளிகைக்குப் போனேன். தந்த சிம்மாசனம், படிகச் சிம்மாசனம், கூரை விளிம்பு முழுக்க மரக்குதிரைகள். நேற்றுப் பார்த்ததற்குப் பிறகு எனக்கு எதுவுமே கண்ணில் ஒட்டவில்லை, உண்மையைச் சொல்கிறேன். சீக்கிரம் வெளியே வந்து பத்மதீர்த்தக் குளக்கரையில் உட்கார்ந்து, நினைத்ததைக் குறித்துக்கொண்டேன்.

ராஜாக்களின் மரியாதையைப் பிரிட்டிஷ்காரன் வெடிச் சத்தத்தில் எண்ணி வைத்திருந்தான். ஹைதராபாத்துக்கும் மைசூருக்கும் 21 குண்டு. திருவிதாங்கூருக்கு 19. கொச்சிக்கு 17. ஆந்திரத்தில் பங்கனபள்ளிக்கு 9. அத்தனையும் வெற்று வெடி, மருந்தும் புகையும் மட்டும். அந்த எண்ணிக்கையில் இரண்டு கூட வேண்டும் என்று சமஸ்தானங்கள் வருடக்கணக்காக எழுதிக்கொண்டே இருந்தார்கள். அதே காலத்தில் இவர்களிடம் நிஜமாகச் சுடுகிற பலம் எவ்வளவு மிஞ்சியிருந்தது? 1801-ல் பாளையக்காரர்களின் கோட்டையை இடித்து ஆயுதத்தைப் பிடுங்கியாகிவிட்டது. 1809-ல் திவான் வேலுத்தம்பி பிரிட்டிஷாரை எதிர்த்து எழுந்து, ஆரல்வாய்மொழிக் கோட்டை வரிசை விழுந்த பிறகு திருவிதாங்கூர்ப் படையும் கலைந்து, அரண்மனைச் சடங்குக்கு வேண்டிய அளவு ஆட்களே மிஞ்சினார்கள். 1878-ல் பிரிட்டிஷ் இந்தியாவில் ஆயுதச் சட்டம் வந்து, இந்தியன் துப்பாக்கி வைக்க லைசன்ஸ் கேட்டு நிற்க வேண்டும், வெள்ளைக்காரன் வேண்டாம் என்று ஆனது. நம்மூர்ப் பெரிய வீடுகளில் தலைமுறை தலைமுறையாகப் பத்திரப்படுத்திய வெள்ளி போட்ட துப்பாக்கிகளில் பெரும்பாலானவை இந்தக் காலத்தில் வந்தவைதான் என்று நினைக்கிறேன். மேலே கை கட்டி நின்றவர்கள் கீழே பார்த்துக் காட்டுவதற்கு வைத்திருந்தவை.

இதற்கு நேர் எதிர் திப்பு. அவர் துப்பாக்கிகளிலும் நகை உண்டு, வேண்டிய மட்டும் உண்டு. புலித் தலை, புலி வரி, தங்கப் பதிப்பு. ஆனால் அவை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அவருடைய சொந்தப் பட்டறையில் செய்தவை, வரவழைத்து வாங்கினவை இல்லை. அசத் கான் முகமது என்ற கைவினைஞர் 1793–94-ல் செய்து பெயர் பொறித்த ஒன்று, ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸுக்குப் போய்ச் சேர்ந்ததாகச் சொல்லப்படுவது, 2023-ல் இருபது லட்சம் பவுண்டு மதிப்புப் போட்டு நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்று பிரிட்டன் தற்காலிகமாகத் தடை போட்டது. அவர்கள் நாட்டுச் சொத்து என்று! 2019-ல் இன்னொரு திப்பு துப்பாக்கி ஒரு ஆங்கிலேயக் குடும்பத்து வீட்டிலிருந்து வந்து அறுபதாயிரம் பவுண்டுக்கு ஏலம் போனது. 1799 மே 4-ல் கோட்டை விழுந்தபோது எடுத்துப் போனவை எத்தனை வீட்டு மச்சில் இன்னும் கிடக்கின்றனவோ. அவற்றில் ஒன்றையாவது செய்தவன் பெயரோடு பார்க்க முடிகிறதே என்று எனக்கு ஒரு ஆறுதல், முல்லைக்கொடி ஆசாரிக்கு அதுவும் இல்லை.

சாலைக் கடைத்தெருவில் அம்மாவுக்கு நேந்திரம் சிப்ஸ் வாங்கினேன். ராத்திரி பஸ்ஸில் நாகர்கோவில்.

ஐந்தாம் நாள், சனி. காற்றாடிமலை

கடைசி நாளுக்கு எந்த அரண்மனையும் வேண்டாம் என்று ஆரல்வாய்மொழிக்குப் போனேன். காற்றாலைகள் சுற்றுகிற பக்கம், காற்று காதை அடைக்கிறது. 1752 ஜனவரி 14-ல் தேவசகாயம் பிள்ளையைச் சுட்டுக் கொன்றது இந்தக் காற்றாடிமலையில். நட்டாலத்தில் பிறந்து, பத்மநாபபுரத்து அதிகாரியாக இருந்து, டிலனாயோடு பழகி, கிறிஸ்துவரானவர். 2022 மே 15-ல் ரோமில் அவரைப் புனிதர் என்று அறிவித்தார்கள்.

வாளுக்கு அவ்வளவு சடங்கு வைத்த ராஜ்ஜியம், ஒரு மனிதனைக் கொல்ல வேண்டியபோது எல்லையோரத்து மலைக்குக் கொண்டு வந்து சிப்பாய்த் துப்பாக்கியால் சுட்டிருக்கிறது. அந்தத் துப்பாக்கியில் கொடி இருந்திருக்காது, சங்கு இருந்திருக்காது. அதை யாரும் பத்தாயத்தில் சுற்றி வைக்கவில்லை. பாறையில் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்த ஒரு அக்காவோடு கொஞ்ச நேரம் நின்றேன். காற்றில் திரி நிற்கவே மாட்டேன் என்றது, இரண்டு பேரும் கையை மறைத்துப் பிடித்தோம்.

இறங்கி வந்து கீழே கடையில் உட்கார்ந்து அம்மாவுக்குப் போன் போட்டேன். வியாழக்கிழமை பார்த்த தேய்மானத்தைச் சொன்னேன். அம்மா உடனே ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், “உன் பாட்டா குடையை எப்படிப் பிடிப்பார்னு உனக்கு ஞாபகம் இருக்கா?” என்று கேட்டாள். எனக்கு இல்லை. மழை இல்லாத நாளில் எல்லாரும் குடையை ஊன்றிக்கொண்டோ கக்கத்தில் வைத்துக்கொண்டோ நடப்பார்கள். பாட்டா சரியாக நடுவில் பிடித்து, இடது முழங்கையில் சாய்த்து, முனை பின்பக்கம் கீழே பார்க்கிற மாதிரி தூக்கிக்கொண்டு நடப்பாராம். ஒரு தடவைகூடத் தரையில் ஊன்றினதில்லையாம். ஏன்ப்பா இப்படி என்று அம்மா சின்னப் பெண்ணாக இருந்தபோது கேட்டிருக்கிறாள். “முனை யஜமான் பக்கம் திரும்பக் கூடாது மக்ளே” என்றிருக்கிறார். அப்போது அவர் அந்த வீட்டை விட்டு வந்து இருபது வருடம் ஆகியிருந்தது.

அந்தக் குடை எங்கே என்று கேட்டேன். மச்சில் பழைய அண்டா குண்டாவுக்குள்ளே கிடக்கும், கம்பி எல்லாம் துருப்பிடித்திருக்கும், தேடிப் பார்க்கணும் என்றாள். தூக்கிப் போட்டுவிடாதே, துடைக்கவும் செய்யாதே, பிடி எங்கே தேய்ந்திருக்கிறது என்று நான் வந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். நாளைக் காலை முதல் பஸ்.